பெருவண்டியும் பெட்ரோல் சிக்கனமும்

சிக்கனம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் ஏழையின் குடிசையை நினைப்பதே உலக வழக்கமாயிருக்கின்றது. சிறு வருவாயுடையான் காசை எண்ணிச் செலவிடல் வேண்டும். பெருஞ்செல்வமுடையானுக்கு அக்கட்டுப்பாடு இல்லை என்று பலருங் கருதுகின்றனர். யாம் அங்ஙனங் கருதவில்லை. குடம் ஒழுகினால் இழப்பது ஒரு குடம் நீரே; ஏரிக்கரை கசிந்தாலோ ஊரார் அனைவரும் விழித்தெழுதல் வேண்டும். எவ்விடத்திற் செலவு பெரிதோ அவ்விடத்திலேயே சிக்கனமும் பெரும்பயன் தருவதாகும். இவ்வுண்மையை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எங்குங் காணப்படும் ‘பிக்கப்’ என்னும் பெரிய பாரவண்டியை இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். நம் பழைய மாணவருள் அந்நாட்டில் வாழ்வோர் அவ்வண்டியை நன்கறிவர். சிலர் அதனைத் தாமே செலுத்தியுமிருப்பர். இங்குப் பயிலும் மாணவர்க்கோ, பாடநூலிற் காணும் இயற்கை விதியும் கணக்கும் அன்றாட வாழ்க்கையிற் சென்று சேரும் இடத்தைக் காட்டுதற்கு இஃது ஏற்றதொரு சான்றாகும்.

பிக்கப் என்பது முன்புறத்தே ஆட்கள் அமர்தற்கு மூடிய அறையும், பின்புறத்தே பண்டம் ஏற்றுதற்குத் திறந்த தொட்டியும் உடைய வண்டி. அமெரிக்கக் குடியானவர் பலர், தம் மோட்டார் வண்டியின் பின்பகுதியை அகற்றிவிட்டு மரப்பெட்டி யொன்றைத் தாமே பொருத்தி, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசென்றனர். இதனைக் கண்ட போர்டு கம்பெனியார் 1925 ஆம் ஆண்டில், தம் புகழ்பெற்ற ‘டி’ மாதிரி வண்டியின் பின்னே ஓர் இரும்புத் தொட்டியைத் தாமே அமைத்து, 281 டாலருக்கு விற்கத் தொடங்கினர். அவர்களுடைய ‘எப்’ வரிசை வண்டிகள் 1948 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தன. 1977 ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகளாக, அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் பாரவண்டி என்னும் பெயர் அவ்வரிசைக்கே உரியதாயிற்று. செவ்ரோலெட் சில்வராடோ, ராம், டொயோட்டா டண்ட்ரா முதலியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

உழவர்க்கும் தச்சர்க்கும் கொத்தர்க்கும் உழைக்கப் பிறந்த இவ்வண்டி, இன்று வேறு பலர்க்கும் நாட்பிரயாண வண்டியாகிவிட்டது. பின்தொட்டி வெறிதாயிருக்க, முன்னே ஒருவர் மட்டும் அமர்ந்து அலுவலகஞ் செல்லுங் காட்சி அந்நாட்டு வீதிகளிற் புதிதன்று. வண்டியோ சுமையின்றியே ஏறத்தாழ 5,000 ராத்தல், அஃதாவது இரண்டேகால் டன் எடையுடையது. இவ்வளவு பெரிய பொருளை இழுத்துச் செல்லும் இயந்திரம் பெட்ரோலைத் தாராளமாகக் குடித்தல் வியப்பன்று. நகரப் போக்கையும் நெடுஞ்சாலைப் போக்கையுஞ் சேர்த்துப் பார்க்குமிடத்து, பெட்ரோலால் ஓடும் இவ்வண்டிகள் கேலனுக்குச் சுமார் 20 மைல் ஓடுகின்றன. விசை மிகுந்தவை அதனினுங் குறைவாகவே ஓடும். ஒரு கேலன் 3.785 லிட்டர், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். ஆகவே 20 மைல் என்பது நம் நாட்டு வழக்கில் லிட்டருக்கு எட்டரைக் கிலோமீட்டராகும்.

இவ்வண்டியுடையார் பலரிடத்தும் ஒரு முறையீடு உண்டு. “விற்பனைச் சீட்டிற் குறித்த மைல் வேறு, யாங்கள் காணும் மைல் வேறு, வண்டி செய்தோர் ஏமாற்றிவிட்டனர்” என்பதே அது. ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளை இருவர் வாங்கி, ஒருவர் 22 மைலும் மற்றவர் 16 மைலும் பெறுதலும் உண்டு. இயந்திரம் ஒன்றே, எண்ணெய் ஒன்றே, வேறுபட்டது யாது? வண்டி செல்லும் வழியுஞ் சுமையும் ஓரளவு காரணமாகலாம். எனினும் பெருங்காரணம் மிதியின் மேலிருக்கும் வலக்காலே என்பது எம் துணிபு. அதனை இனி ஆராய்வோம்.

முதற்கண், பெருவண்டியில் மிச்சம் பிடிப்பது பயனற்றது என்னும் எண்ணத்தைக் களைதல் வேண்டும். அவ்வெண்ணம் எழுதற்கு அளக்கும் முறையே காரணம். கேலனுக்கு எத்தனை மைல் என்று அளக்குங் கணக்கு கேட்பதற்கு எளிது. மயக்கந் தருவதும் அதுவே. ஆண்டொன்றுக்கு 10,000 மைல் ஓடும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். பெருவண்டி கேலனுக்கு 15 மைலும், சிறுவண்டி 30 மைலும் ஓடுவன. இருவண்டியாரும் தத்தம் ஓட்டுமுறையைத் திருத்தி, மைலை ஐந்திலொரு பங்கு உயர்த்தினர் என்க. பெருவண்டி 18 மைலும் சிறுவண்டி 36 மைலும் ஓடலாயின. மேலோட்டமாக நோக்குவார், சிறுவண்டி 6 மைல் முன்னேற, பெருவண்டி 3 மைலே முன்னேறிற்று என்பர். மைலை விடுத்துப் பெட்ரோலை எண்ணுவோம். பெருவண்டி முன்பு குடித்தது 667 கேலன், இப்போது 556. மிச்சம் 111 கேலன். சிறுவண்டி முன்பு குடித்தது 333 கேலன், இப்போது 278. மிச்சம் 55 கேலன். முன்னேற்றங் குறைந்ததாகத் தோன்றிய வண்டியே இருமடங்கு மிச்சந் தந்துள்ளது!

டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் என்னும் இரண்டு ஆசிரியர்கள் இம்மயக்கத்தை ஆராய்ந்து, 2008 ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் இதழில் வெளியிட்டனர். அதன் பின்னர் 2013 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதற்கொண்டு, 100 மைலுக்கு எத்தனை கேலன் செலவாகும் என்னுங் கணக்கும் அமெரிக்க விற்பனைச் சீட்டுகளில் இடம்பெறலாயிற்று. ஆதலின், “என் வண்டி எப்படியும் பெருந்தீனி தின்பது, அதில் இரண்டு மூன்று மைல் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?” என்று ஒருவர் கூறுவாராயின், அவரே அக்கணக்கை முதலிற் படித்தற்குரியவர்.

இனி, வேகத்தைக் கவனிப்போம். நெடுஞ்சாலையிற் செல்லும் வண்டிக்குப் பெரும்பகை காற்றே. நின்ற காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லுமிடத்து ஏற்படுந் தடை, வேகத்தின் இருபடியைப் போல் வளர்வது. மணிக்கு 65 மைல் வேகத்தில் உள்ள தடை, 75 மைல் வேகத்தில் மூன்றிலொரு பங்கு மிகும். வேகம் மிகுந்தது ஏழிலொரு பங்குக்குச் சற்றே மேல். தடை மிகுந்ததோ மூன்றிலொரு பங்கு. சிறிய வண்டி தாழ்ந்தும் வழவழப்பாயும் இருத்தலின் காற்று அதனைத் தழுவிச் செல்லும். பிக்கப்போ சுவர் நடந்துவருவது போல நிமிர்ந்த முகத்தை யுடையது. ஆதலின் வேகத்தின் தண்டனை அதற்கே கடுமையாக விதிக்கப்படுகின்றது. பொதுவாக, மணிக்கு 50 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பெட்ரோற் செலவு விரைந்து ஏறும் என்பது அந்நாட்டு அரசாங்கத்தார் வண்டியோட்டுவோர்க்குக் கூறும் அறிவுரை.

அந்த நாடே இவ்வுண்மையை இருமுறை சட்டத்தால் ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது மலாயா முதலிய நாடுகள் ஜப்பானியர் கைப்பட்டன. நம் தமிழ்த் தொழிலாளர் பால் வடித்த ரப்பர்த் தோட்டங்களும் அவற்றோடு சென்றன. அமெரிக்காவில் டயருக்குப் பஞ்சம் வந்தது. அதனால் 1942 ஆம் ஆண்டில் நாடெங்கும் 35 மைலே மேல்வேகம் என்று விதித்தனர். பெட்ரோலையும் பங்கிட்டு அளந்தனர். பின்னர் 1973 ஆம் ஆண்டு அக்டோபரில் அராபிய நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தவே, 1974 ஆம் ஆண்டு ஜனவரியில் குடித்தலைவர் நிக்சன் 55 மைல் என்னும் வேகவரம்புச் சட்டத்திற் கையெழுத்திட்டார். 1987 இல் அவ்வரம்பு ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைலாகத் தளர்த்தப்பட்டது. 1995 இல் சட்டமே நீங்கிற்று. வரம்பு வந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை மறத்தலாகாது. 1973 இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர் ஏறத்தாழ 54,000 பேர். 1974 இல் ஏறத்தாழ 45,000 பேர். அவ்வாண்டு மக்கள் ஓட்டிய தொலைவுங் குறைந்ததாதலின், முழுப்பெருமையும் சட்டத்தைச் சாராது. எனினும் எண்ணெயை மிச்சப்படுத்த எடுத்த முயற்சியின் நிழலில் ஆயிரக்கணக்கான உயிர்களுந் தங்கின என்பதை மறுப்பாரிலர். எண்ணெயைக் காக்கும் வழியும் உயிரைக் காக்கும் வழியும் பெரும்பாலும் ஒன்றே.

நகரத்தினுள் நிலைமை வேறு. அங்குக் காற்றன்று பகை, பொறுமையின்மையே பகை. இரண்டேகால் டன் வண்டியை நிலையிலிருந்து கிளப்பி 60 மைல் வேகத்திற்குக் கொண்டுவருதற்குப் பேராற்றல் வேண்டும். பிரேக்கை மிதித்தவுடன் அவ்வாற்றல் முழுதும் வெப்பமாகிக் காற்றிற் கலந்துவிடும். யாம் இட்ட கணக்கு ஒன்றைக் கூறுவோம். இயந்திரம் பெட்ரோலின் ஆற்றலில் நாலிலொரு பங்கையே சக்கரத்திற்குத் தருவதாகக் கொண்டால், அவ்வேகத்திலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து முறை வண்டியை நிறுத்துதல், ஒரு கேலன் பெட்ரோலைத் தெருவில் ஊற்றுதற்கு ஒப்பாகும். சிவப்பு விளக்கைத் தொலைவிலே கண்டும் விரைந்து சென்று அதன் அடியில் திடீரென நிற்போர், இவ்வூற்றுதலையே நாடோறுஞ் செய்கின்றனர். முன்னரே மிதியினின்றும் காலை எடுத்துவிட்டால் வண்டி தானே மெல்ல ஊர்ந்து செல்லும். இக்காலத்து இயந்திரங்கள் அங்ஙனம் கால் எடுத்த வேளையில், கியரில் இருக்குங்கால், பெட்ரோல் செல்வதை முற்றும் நிறுத்திக்கொள்ளும் அமைப்புடையன. ஆதலின், மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவித்துச் சரிவில் வண்டியை உருளவிடுதல் பயனற்றதும் இடர் மிக்கதுமாம். பெரிய லாரிகளின் முதுகை ஒட்டிச் சென்று காற்றுத் தடையைக் குறைக்க முயல்வதும் அத்தகையதே. உயிரை விற்றுப் பெட்ரோல் வாங்குவார் உண்டோ?

முரட்டுத்தனமாக முடுக்குதலும் நிறுத்துதலும் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையிலும், நின்று நின்று செல்லும் நெருக்கடியில் 10 முதல் 40 விழுக்காடு வரையிலும் மைலைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க அரசாங்கத்தார் மதிப்பிட்டுள்ளனர். இவ்வெண்களை ஊன்றி நோக்குக. பொறியியலார் பல்லாண்டு உழைத்து இரும்பை நீக்கி அலுமினியத்தை அமைத்தனர். 2015 ஆம் ஆண்டு மாதிரிப் போர்டு வண்டியின் எடை 700 ராத்தல் வரை இதனாற் குறைந்தது. கியர்களைப் பத்தாக்கினர், வேண்டாதபோது சில உருளைகள் வேலை செய்யாதிருக்குமாறும் வகுத்தனர். இவையெல்லாம் தேடித் தந்த மிச்சத்தை ஒருவருடைய கால் ஒரு மாதத்திற் செலவழித்துவிடும்.

சிறு பழக்கங்கள் சிலவும் உள. வேண்டாத சுமை 100 ராத்தலுக்கு மைலை ஒரு விழுக்காட்டளவு குறைக்கலாம். தொட்டியிற் பல மாதமாகக் கிடக்கும் மணல்மூட்டைகளும் பழைய சாமான்களும் நாடோறும் இலவசப் பிரயாணஞ் செய்கின்றன. அவற்றிற்குச் சீட்டு வாங்குபவர் வண்டியுடையாரே. டயரிற் காற்றுக் குறைந்தால் உருளுந் தடை மிகும். மாதம் ஒருமுறை அளந்து பார்த்தல் போதும். நின்ற வண்டியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், அதன் அளவிற்கேற்ப மணிக்குக் கால் கேலன் முதல் அரைக் கேலன் வரை செலவாகும். மீண்டும் கிளப்புதற்கு வேண்டுவதோ பத்து விநாடி ஓட்டத்திற்குரிய பெட்ரோலே. குளிர்காலத்தில் வண்டியை நெடுநேரம் நிறுத்தி வைத்துச் சூடேற்றும் பழைய வழக்கமும் இக்காலத்து இயந்திரங்கட்கு வேண்டுவதன்று. சிறிது நேரத்திற் கிளம்பி மெல்ல ஓட்டுதலே விரைவிற் சூடேற்றும்.

பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று எளிதில் வெளியேறும், மைல் கூடும் என்னும் நம்பிக்கை ஒன்று இவ்வண்டியுடையாரிடத்து நெடுங்காலமாக வழங்குகின்றது. அறிவுக்குப் பொருந்துவது போலத் தோன்றினும் அது பிழையே. கதவு மூடியிருக்கும்போது தொட்டியினுள் ஒரு காற்றுச்சுழல் நிலையாகத் தங்கி நிற்க, மேலே வருங் காற்று அதன் மீது வழுக்கிச் சென்றுவிடுகின்றது. கதவைத் திறந்தால் அச்சுழல் குலையும்; தடை மிகுமேயன்றிக் குறையாது. நம்பிக்கை வேறு, சோதனை வேறு என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறிதல் நன்று.

அழகு கருதி வண்டியை உயர்த்திப் பெருந்டயர் பூட்டுவோர் பலர். காற்றுக்குக் காட்டும் முகம் இதனாற் பெரிதாகின்றது. உருட்டவேண்டிய எடையும் மிகுகின்றது. இவ்விடத்து ஒரு நுட்பம் உண்டு. மைல்மானி சக்கரத்தின் சுற்றுகளை எண்ணியே தொலைவைக் காட்டுவது. 32 அங்குல டயரை நீக்கி 35 அங்குல டயரை இட்டு, மானியைத் திருத்தாது விட்டால், அது 100 மைல் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 109 மைலுக்கு மேற் சென்றிருக்கும். இதனை அறியாதார் தம் வண்டியின் மைல் உள்ளதினும் மிகக் குறைந்துவிட்டதென வருந்துவர். வருத்தத்திலும் சரியான அளவு வேண்டுமன்றோ?

ஆதலின், சிக்கனத்தின் முதற்படி உண்மையான கணக்கே. முன்பலகையில் ஒளிரும் எண்ணை முற்றும் நம்பற்க. அது சற்றே இனிப்பாகப் பேசும் இயல்பினது. தொட்டியை நிரப்பி மைலைக் குறித்துக்கொள்க. மறுமுறை நிரப்பும்போது எத்தனை கேலன் கொண்டதென்று நோக்கி, ஓடிய மைலை அதனால் வகுக்க. ஒருமுறைக் கணக்கு நம்பத்தக்கதன்று. ஐந்தாறு முறை எழுதிப் பார்த்தாலே வண்டியின் உண்மை புலனாகும். குளிர்காலக் கணக்கைக் கோடைகாலக் கணக்கோடு ஒப்பிடற்க. கடுங்குளிரில் நகரப் பிரயாணத்தின் மைல் 15 விழுக்காட்டளவு குறையக்கூடும். எண்ணெயின் வகையையும் அறிதல் வேண்டும். அந்நாட்டுப் பெட்ரோலிற் பெரும்பான்மை 10 விழுக்காடு எத்தனால் கலந்தது. அதனால் மைல் 3 விழுக்காட்டளவு குறையும். எத்தனால் மிகுதியாகக் கலந்த ‘இ-85’ என்னும் எண்ணெயை இட்டால் 15 முதல் 27 விழுக்காடு வரை குறையும். இவற்றையெல்லாம் எண்ணாது இயந்திரத்தைப் பழித்தல், உலைநீரை அளவாது அரிசியைப் பழித்தலை ஒக்கும்.

இனி எமக்கு மாறாகக் கூறப்படுவனவற்றைக் கேட்போம்.

“பெட்ரோல் என் பணத்தில் வாங்குவது, அதனை எரித்தால் பிறர்க்கென்ன?” என்பது முதல் மறுப்பு. பணம் அவருடையதே, காற்று அவருடையதன்று. ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால், அதிலுள்ள கரி வெளியிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, ஏறத்தாழ 8.9 கிலோகிராம் கரியமிலவாயுவாகின்றது. மேலே கண்ட 111 கேலன் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு டன் கரியமிலவாயுவாம். அவ்வாயு அமெரிக்காவின் எல்லையோடு நிற்பதன்று, உலகமனைத்தையுஞ் சூடேற்றுவது. கடலோரத்து மீனவனும் மழையை நம்பிய உழவனும் அச்செலவிற் பங்கு கொடுக்கின்றனர்; அவரைக் கேட்டு எவரும் மிதியை மிதிக்கவில்லை.

“நேரமே பொன்; மெல்லச் சென்றால் நேரம் வீணாகின்றது” என்பது இரண்டாவது. முப்பது மைல் தொலைவை 65 மைல் வேகத்திற் கடந்தால் ஆவது ஏறத்தாழ 28 நிமிடம். 75 மைல் வேகத்திற் கடந்தால் 24 நிமிடம். நான்கு நிமிடத்திற்காக மூன்றிலொரு பங்கு மிகுந்த காற்றோடு போராடுகின்றோம். அந்நான்கு நிமிடமும் வழியில் விளக்கில்லாது, நெருக்கடியில்லாது இருந்தாலன்றிக் கைக்கு எட்டுவதில்லை. வீட்டினின்று நான்கு நிமிடம் முன்னதாகப் புறப்படுதற்குச் செலவு ஒன்றுமில்லை.

“இது சட்டஞ் செய்வோரும் வண்டி செய்வோரும் கவனிக்கவேண்டிய விஷயம், தனிமனிதனாற் பயனில்லை” என்பது மூன்றாவது. சட்டம் வேண்டா என்று யாம் கூறவில்லை. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்கர் இயற்றிய எரிபொருட் சட்டம் பெரும்பயன் தந்தது. ஆனால் சட்டத்தின் கதையே எம் கருத்துக்குச் சான்றாகின்றது. 1987 இல் அந்நாட்டிற் புதிதாகச் செய்யப்பட்ட கார்களும் சிறுபாரவண்டிகளுஞ் சேர்ந்து கேலனுக்குச் சராசரி 22.0 மைல் ஓடின. 2004 இல் அச்சராசரி 19.3 மைலாக இறங்கிற்று. அப்பதினேழு ஆண்டுகளில் இயந்திரக் கலை வளராமலில்லை. வளர்ந்த கலையெல்லாம் மிகுந்த எடைக்கும் மிகுந்த விசைக்கும் கொடுக்கப்பட்டது. மக்களும் பெரிய வண்டிகளையே நாடினர். மனம் மாறாதவிடத்து இயந்திரம் மட்டும் மாறிப் பயனில்லை. மின்சாரத்தால் ஓடும் பிக்கப் வண்டிகளும் 2021 முதல் வெளிவந்துள்ளன. அவற்றிற்கும் காற்றின் விதி ஒன்றே. முரட்டுக் கால் அவற்றின் மின்கலத்தையும் விரைவிலே வெறுமையாக்கும்.

“இவ்வளவு கூறுவானேன்? அவ்வண்டியையே விட்டுவிடச் சொல்லலாமே” என்பார் கூற்றும் உண்டு. தேவையின்றி அதனை வாங்க நினைப்பார்க்கு யாமும் அதனையே கூறுவோம். ஆனால் ஏணியும் பலகையும் சிமெண்டு மூட்டையும் ஏற்றிப் பிழைக்குந் தச்சனுக்கும் கொத்தனுக்கும் அவ்வண்டியே கையுங் காலும். உயர்ந்த பெட்டிவண்டியைப் பின்னே கட்டி இழுக்குங்கால் அதன் மைல் பாதியளவாகக் குறைதலும் உண்டு. அச்செலவு அவன் கூலியிலிருந்தே போவது. மைலை ஐந்திலொரு பங்கு உயர்த்துபவன், கேலன் 3 டாலராயின், ஆண்டுக்கு 333 டாலர் மிச்சம் பெறுகின்றான். அஃது அவன் பிள்ளையின் புத்தகத்திற்கும் உடைக்கும் ஆகும். வாங்கிய வண்டியோ பல்லாண்டு ஓடப்போவது. அதனை மாற்றுதற்குப் பெரும்பணம் வேண்டும். ஓட்டும் முறையை மாற்றுதற்கு நாளைக் காலையே போதும்.

மாணவ அன்பர்காள்! உங்களுட் பெரும்பாலார் அத்தகைய பெருவண்டியைச் செலுத்தப்போவதில்லை. எனினும் வாழ்க்கையில் உங்கள் ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு மிதி வந்தே தீரும். ஒருவர்க்கு அது பள்ளியின் நிதி; ஒருவர்க்கு மருத்துவமனையின் மருந்து; ஒருவர்க்கு ஊராட்சியின் தண்ணீர். பொறுப்புப் பெரிதாகப் பெரிதாக, சிறிது மிதித்தாலும் செலவாவது பெரிது. அப்போது, “இவ்வளவு பெரிய காரியத்தில் இச்சிறு மிச்சம் எதற்கு?” என்னும் எண்ணம் தோன்றுமாயின், 15 மைல் வண்டியின் கணக்கை நினைத்துக்கொள்க.

வண்டியோட்டும் அன்பர்களுக்கு யாம் கூறுவது நான்கே: தொட்டி நிரப்பும்போதெல்லாம் கணக்கெழுதுக, நெடுஞ்சாலையில் வேகத்தைப் பத்து மைல் குறைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க, சிவப்பு விளக்கைக் கண்டவுடன் பிரேக்கை நாடாது முன்னரே காலை எடுக்க, வேண்டாத சுமையைத் தொட்டியினின்று இறக்குக. மாத முடிவில் கணக்குப் புத்தகமே பேசும். அதன்பின் இயந்திரத்தைப் பழிப்பதா, காலைத் திருத்துவதா என்பதை அவர்களே தேர்ந்துகொள்வாராக.